அக்காவின் தலைவலி

வெள்ளி நிறத்தில் பத்துத் தலைவலி மாத்திரை கொண்ட அட்டை. மற்றவர்களுக்குக் கத்தரியால் நான்கோ ஐந்தோ வெட்டிக் கொடுப்பேன். அக்காவுக்கு மட்டும் முழுதாகக் கொடுப்பேன். கடையத்திலிருந்து பஸ் ஏறி, தென்காசியில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு வருவாள். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் சிறுநீரகத்தை அவளுக்குப் பொருத்தியிருந்தார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைத் தினமும் சாப்பிட வேண்டும். அவற்றையும் நானே வரவழைத்துக் கொடுத்தேன். ஆகவே அவள் உடம்பின் நிலை எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. “மண்டைக்குள்ள இடிச்சுக்கிட்டே இருக்குலே” என்றாள். ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். திருநெல்வேலி டாக்டரைப் பார்க்கலாமா என்று இரண்டு முறை கேட்டாள். அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றேன். சீசன் வியாபாரத்தை விட்டு நகர எனக்கு மனமில்லை. வாந்தி வந்தது, அதற்கும் மாத்திரை கொடுத்தேன். ஒருநாள் காலை கடைவாசலில் நின்று கண்ணைச் சுருக்கி, “ஏலே, நீ ரெண்டு ஆளாத் தெரியுத” என்றாள். அப்போதுதான் கார் பிடித்தேன்.

எத்தனை நாளாகத் தலைவலி என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள். ஐந்து நாள் என்றேன். அரைமயக்கத்தில் கிடந்த அக்கா கண் திறக்காமலேயே, “அஞ்சு வாரம் டாக்டர். தம்பிதான் மாத்திர தந்தான்” என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. நான் மறந்துவிட்டதாக நினைத்துத் திருத்தினாள். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

முதுகுத்தண்டில் ஊசியிட்டு எடுத்த நீரில் பூஞ்சை இருந்தது. புறா எச்சத்திலும் மண்ணிலும் இருப்பதுதான். நம்மைப் போன்றவர்களின் உடம்பு பெரும்பாலும் அதை அடக்கிவிடும், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு மூளைச்சவ்வு வரை ஏறிவிடும் என்றார். அதற்கான மருந்து தினமும் நரம்பில் மணிக்கணக்காக இறங்கியது. இறங்கத் தொடங்கியதும் அக்கா நடுங்குவாள். கட்டில் கம்பி அதிரும். அந்த மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளையும் குறைத்தாக வேண்டும். அப்படிக் குறைத்தால், பொருத்திய சிறுநீரகம் போனாலும் போகலாம். முன்னமே வந்திருந்தால் உயிர், சிறுநீரகம் இரண்டையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னபோது, அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பிள்ள பொழச்சாப் போதும்” என்றாள்.

பிழைத்தாள். பூஞ்சை போயிற்று, சில மாதங்களில் அம்மாவின் சிறுநீரகமும் போயிற்று. இப்போது வாரம் இரண்டு முறை தென்காசியில் டயாலிசிஸ். அக்கா என்னிடம் பழையபடிதான் பேசுகிறாள்; அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா ஒரே ஒருமுறை பேசினாள். “அவ கேட்டா இருக்கற ஒண்ணையும் குடுத்திருவேன். உங்கிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

போன வாரம் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. அக்காவை டயாலிசிஸில் விட்டுவிட்டு, வெயிலில் என் கடையைத் தாண்டி நடந்து, தெருக்கோடியில் இருக்கும் வேறொரு மருந்துக்கடையில் வரிசையில் நின்றாள்.