கதிரையில் வந்த அரசன்

தாழ்வுபாடு என்ற மீனவ ஊரில் எமிலியானுஸ் அரசனாக வரவில்லை என்றால் அந்த வருஷம் கூத்துப் பார்க்க வெளியூர்ச் சனம் வராது. மற்ற நாட்களில் கடலுக்குப் போகிற மனிதர். கோயில் பெருநாளில் மேடை ஏறினால் கிறிஸ்தவ வேதக்காரரைக் கொல்லும் கொடிய அரசன். வரவுப் பாட்டுக்கு அவர் மிதிக்கிற மிதியில் பலகை மேடை அதிரும். பிள்ளைகள் தாயின் மடிக்குள் முகத்தைப் புதைக்கும். மதலேனா அவரைக் கலியாணம் செய்ததே அந்த மிதியைப் பார்த்துத்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டில், வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது அடியில் வைத்த உருளைக் கட்டை விலகியது. வள்ளம் அவருடைய இடுப்பின் மேல் சரிந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து திரும்பியபோது இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மதலேனா மீன் காயவைக்கும் வாடிக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினாள். அவரைத் துடைத்து, சோற்றைப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுப் போவாள். அவள் திரும்பும்வரை அவர் கூரைக் கிடுகைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு வருஷம் அவர் வாயில் பாட்டு வரவில்லை.

பிறகு சந்தியோகு வந்தார். ஊர்க் கூத்துகளை எழுதி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் அவர். இயேசு, நடக்க முடியாமல் கிடந்த திமிர்வாதக்காரனைக் குணமாக்கும் கதையைப் புதிதாகப் பாடியிருந்தார்.

"நீ படுத்திருந்து பாடினாப் போதும், எமிலி. 'எழுந்து நட' எண்டு சொல்லேக்க திரை விழும். திரும்பத் தூக்கேக்க எங்கட கூத்துப் பெடியன் வலன்ரைன் உன்ர உடுப்போட, பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்து வருவான்."

எமிலியானுஸ் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். பிறகு, "ஓம், பாடுறன்" என்றார்.

பெருநாளில் அவர் பாடியபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். திரை விழுந்தது. வலன்ரைனுக்குப் பாய் வேண்டும். இரண்டு பேர் அதை அவருக்கடியிலிருந்து உருவிவிட்டு, அவரை மேடைக்குப் பின்னால் மணலில் இறக்கினார்கள். வலன்ரைன் நடந்து வரச் சனம் கைதட்டியது. சிலர் முழங்காலில் விழுந்தார்கள். மணலில் கிடந்தபடி எமிலியானுஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷமும் அதே கூத்தைப் போடச் சந்தியோகு கேட்டார்.

"மாட்டன், அண்ணாவியார். எழும்பினவனைத்தான் எல்லாரும் பாத்தவை. எனக்கு என்ர அரசனைத் தாங்கோ."

"அரசன் ஆடி வரவேணுமே, தம்பி."

"கதிரையில இருந்தபடியே வாறன். நாலு பேர் தூக்கட்டும்."

தூக்கி வந்தார்கள். பின்னுக்கு இருந்து யாரோ சிரித்தார். அரசன் கொலைக்குக் கட்டளையிட்டுப் பாடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது. அதன்பிறகு ஓலைத்தொடுவாய் ஊரிலிருந்தும் அழைப்பு வந்தது. கதிரையையும் அவரையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கூத்து விடியும்வரை நடக்கும். அவ்வளவு நேரமும் பலகைக் கதிரையில் இருந்த உடம்புக்கு நோவு தெரியவில்லை. மதலேனாதான் கண்டாள். பின்புறத்தில் உள்ளங்கையளவு புண். நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. குப்புறப் படுக்க வேண்டும், கதிரையில் இருக்கவே கூடாது என்றார் டொக்டர். புண் கொஞ்சம் வற்றும். அடுத்த கூத்து வரும். மறுபடி பிளக்கும்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை விடுங்கோ" என்றாள்.

"படுத்துக் கிடந்தாக் கால் வருமோ?"

"உயிரோட இருப்பியள்."

"அதை ஒரு வருஷம் இருந்து பாத்தனான், மதலேனா."

அவள் பழைய சீலைகளை மடித்து மெத்தைபோல் தைத்துக் கதிரையில் கட்டினாள்.

எண்பத்திரண்டாம் ஆண்டுப் பெருநாளில் காய்ச்சலோடு பாடினார். பாதியில் சொல் குழறியது. அரசனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அதுவும் கதைதான் என்று சனம் நினைத்துக் கைதட்டியது. சந்தியோகு எழுந்து மத்தளத்தை நிறுத்தினார். கதிரையோடு இறக்கியபோது மெத்தை சீழில் நனைந்திருந்தது. அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மறு வருஷம் வலன்ரைன் அரசனாக ஆடி வந்தான். நன்றாகத்தான் ஆடினான் என்றார்கள். மதலேனா போகவில்லை. விடியவே வாடியில் மீன் புரட்ட வேண்டியிருந்தது.