பீரோவுக்குள் இருந்த வெள்ளைக்காரி

பிரான்சில் அந்தக் காலத்தில் செய்த சீமாட்டி பொம்மைகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். மெருகில்லாத பீங்கான் முகம், கண்ணாடிக் கண், தோலில் தைத்த உடம்பு, பட்டு கவுன். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு எங்கே போவது? காரைக்கால் பழைய வீடுகளுக்குத்தான். மூன்று சேர்ந்திருந்தன.

நாலாவதை ஓர் அம்மாவின் வீட்டில் பார்த்தேன். வீட்டை விற்றுவிட்டு மகனோடு போவதற்காகச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். கவுனைத் தூக்கித் தடவிப் பார்த்தேன். தோல்தான். தோல் சாமான் எங்கள் வீட்டில் கொலுப்படி ஏறாது. தெரிந்தே சொன்னேன்:

"கொலுவுக்கு வேணும்மா. அம்பாளுக்கு."

"எடுத்துக்கங்க. அம்பாளுக்குன்னு சொன்ன பொறவு காசா வாங்குவாங்க?"

கொலு பார்க்க வாங்க என்று விலாசமும் எழுதிக் கொடுத்தேன், வரமாட்டார் என்ற தைரியத்தில். பொம்மையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நவராத்திரி ஐந்தாம் நாள் அந்த அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். ஒன்பது படியையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நம்ம வெள்ளக்காரி எங்கம்மா?"

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "அவங்க பீரோவை விட்டு எறங்க மாட்டாங்க. நம்ம ஊரு வெயில் ஆகாதாம்."

எனக்கு முகம் எரிந்தது. "தோல் உடம்பும்மா... படியில வைக்க வேணாம்னு..."

"நாங்க மட்டும் படியிலயா வச்சோம்? கீழ பார்க்குல, செட்டியார் பொம்மை கடையில சாமான் வாங்க வந்த மாதிரி நிறுத்துவோம்."

பீரோவைத் திறந்தேன். மற்ற மூன்றையும் அந்த அம்மா பார்த்தார். பையிலிருந்து சாண் நீளப் பட்டுப்பாவாடை ஒன்றை எடுத்தார். அவரே தைத்தது. அந்த நேரத்திலும் என் மனசு, பழைய கவுனைக் கழற்றினால் கிழியுமே என்றுதான் கணக்குப் போட்டது. கையை நீட்டாமல் நின்றேன். அவர் பாவாடையை மடித்துப் பொம்மையின் காலடியில் வைத்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்களே கொண்டுபோயிடுங்க."

"அம்பாளுக்குக் கொடுத்தத திருப்பி வாங்கறதா? நல்லா இருக்கே!" என்று சிரித்தார். சுண்டலும் தாம்பூலமும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று ஆரத்தி காட்டும்போது அம்பாள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போது வருஷா வருஷம் நாலு பேரும் செட்டியார் கடை வாசலில் நிற்கிறார்கள். நாலாமவளுக்குப் பட்டுப்பாவாடை. மாற்றும்போது கவுனின் தோள்பட்டை கிழிந்தது. கிழியட்டும் என்றிருந்தேன். ஆனால் அதைப் பார்க்க அந்த அம்மா மறுபடி வரவில்லை.