'அழி' என்று சொல்ல நா எழாதவர்

அலுவலகத்தில் அவருக்குப் பஞ்சு என்று பட்டப்பெயர். யார் மனமும் நோகக்கூடாது என்று எதையும் நேராகச் சொல்லாத மனிதர். கணினிக் கட்டளைகளுக்குப் பெயர் வைக்கும் வேலை தலையில் விழுந்தபோதும் அந்தக் குணம் போகவில்லை. சோதனைத் தளத்தை அடியோடு நீக்கும் கட்டளைக்கு 'அழி' என்று வைக்க அவருக்கு மனம் வரவில்லை. 'ஓய்வு' என்று வைத்துவிட்டார்.

சாப்பிடப் போகுமுன் தளத்தைச் சற்று நிறுத்தி வைக்கலாமென்று, சோதனைப் பிரிவுப் பெண் 'ஓய்வு' என்று தட்டினாள். திரும்பி வந்து பார்த்தால், செய்துவைத்த வேலை துடைத்துவிட்டாற்போல் காணோம்.

"ஓய்வுன்னா மறுபடி எழுந்து வரணும்ல, சார்?"

"வராதும்மா," என்றார் மேசையைப் பார்த்துக்கொண்டே.

அவள் பக்கத்திலேயே நின்று, அதை 'அழி' என்று மாற்றவைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

இனி எதையும் பட்டென்று சொல்லிவிடுவது என்ற வைராக்கியத்தோடு பஞ்சு வீடு திரும்பினார். வாசலில் ஹெல்மெட்டும் கையுமாக மைத்துனன்.

"அத்தான், பைக் கேட்டேனே, தர்றீங்களா?"

பஞ்சு நெஞ்சை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"பார்க்கலாம்பா."

"தரமாட்டாராம்டா," என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "பஸ்ஸுக்குக் கிளம்பு."