அவ்னர் அடித்துவிட்ட இசை

செவ்வாய்க்கிழமை காலை ஹோம்புஷ் ரயில் நிலையத்தில் நின்றபோது செல்வி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, அவ்னர் போயிட்டாராம். அவரின்ர மகள் மெசேஜ் போட்டிருக்கிறா." எனக்கான ரயில் வந்து போனது.

நான் இயக்கிய, எங்கள் தமிழ் நாடகக் குழுவின் கடைசி நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும்: மேடையின் இடப்பக்கம், கீபோர்டின் முன் ஒரு நரைத்த தலை. இஸ்ரேலில் ஹைஃபா நகர அரங்குகளுக்கு இசை எழுதத் தொடங்கியவர். சிட்னிக்குக் குடிவந்த பிறகும் நாடகத்தை விடவில்லை; பெரிய அரங்கமா, பாடசாலை மண்டபமா என்று பார்க்கமாட்டார். "பார்வையாளர் என் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், நான் நாடகத்தைக் கெடுத்துவிட்டேன்" என்பார்.

அந்தக் கடைசி நாடகம், இலங்கையில் காணாமல்போன மகனைக் கேட்டு இராணுவ முகாம் வாசலில் நிற்கும் தாயின் கதை. தாயாக நடித்தவர் செல்வி. அவருடைய தம்பியும் அப்படித்தான் திரும்பி வரவில்லை. காசாவிலிருந்து நாள்தோறும் செய்தி வந்துகொண்டிருந்த மாதங்கள் வேறு. சிட்னியின் கிரவீன் பகுதியில் ஒத்திகை. வாசல் காட்சியின் நடுவில் செல்வி நின்றுவிட்டார். அவ்னரிடம் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார்: "நீங்கள் இராணுவத்தில் இருந்தீர்களா?"

தேநீர் குடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவ்னர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருந்தேன். அங்கே எல்லோரும் போகவேண்டும். ஆனால் அது பதில் இல்லை. ஒரு வாசலில் காவல் நின்றேன். ஒரு தாய் மகனைக் கேட்டு வந்தாள். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. போ என்று கை காட்டினேன்."

செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னால் ஓடினேன். கார்க் கதவைப் பிடித்தபடி, "இவரின்ர இசைக்கு நான் எப்பிடி அழுறது அண்ணை?" என்றார்.

மேடையேற்றத்துக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. குழுவில் பாதிப்பேர் அவ்னரை நிறுத்தச் சொன்னார்கள். முடிவெடுக்கப் பயந்து இரண்டு நாள் யாருடைய அழைப்பையும் நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவ்னரே வீட்டுக்கு வந்தார். வாசல் காட்சியின் இசைத்தாளை மேசையில் விரித்து, பேனாவால் குறுக்கே கோடு போட்டார். அவர் எங்களுக்கு எழுதியதில் மிக அழகான மெட்டு அது.

"தாய்க்காக எழுதினேன் என்று நினைத்தேன். இல்லை. வாசலில் நின்ற அந்தச் சிப்பாயை மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். செல்வி கண்டுபிடித்துவிட்டார். மற்றக் காட்சிகளுக்கு நான் வாசிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாமென்றால் வரமாட்டேன்."

அப்படியே செல்வியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "வரட்டும். அந்த இடத்தில மட்டும் வாசிக்கக் கூடாது" என்றார்.

மேடையேற்றத்தின் முதல் நாள் அந்தக் காட்சியில் செல்வியின் குரல் மட்டுமே இருந்தது. யாராவது இருமினால்கூட எல்லாம் குலைந்துவிடும் என்று பயந்தேன். அவ்னரைப் பார்த்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலை குனியாமல், செல்வியையே பார்த்திருந்தார்.

முடிந்ததும் செல்வி அவரிடம் போனார். கை கொடுக்கவில்லை. "நாளைக்கும் வருவீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"வருவேன்."

செல்வி அவரை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலையுமல்ல. கோடு போட்ட அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இரண்டு நாள் ஒளிந்திருந்த எனக்கு, அவ்னரிடமிருந்து வைத்துக்கொள்ள அதுவே பொருத்தம்.