மாட்டின் காதில் ஒரு எட்டு

எங்கள் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்திவிட்டுப் போனார் கால்நடை ஆய்வாளர். அதில் பன்னிரண்டு இலக்கம். முப்பதாயிரம் கோடியைத் தாண்டும் எண். அவ்வளவு பெரிய எண் எங்கள் மலைக்கு வந்ததே அன்றுதான் என்று நான் பூரித்துக்கொண்டிருக்க, அண்ணன் அதை இலக்கம் இலக்கமாகக் கூட்டினார். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு.

"எட்டா? இது வூட்டுக்கு ஆவாது. வித்துடலாம்."

அண்ணன் இதில் கறார். கூட்டுத்தொகை ஒன்பது வரும் பைக் நம்பருக்காக மூன்று மாதம் காத்திருந்து, அதுவரை பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்றவர்.

அண்ணியின் முகம் செத்துவிட்டது. கன்றிலிருந்து சாமைக் கஞ்சி ஊட்டி அதை வளர்த்தவள் அவள். எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது ஒன்பதால் வகுத்தால் வரும் மீதிதான், இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அது மாறாது, இதில் ராசி எங்கே வந்தது என்று கேட்டேன்.

"மீதின்னாலும் எட்டு எட்டுதானே?" என்றார். பதில் சரியாக இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் குறும்பு செய்தேன். "பைக்கும் மாடும் ஒரே கொட்டாயிலதானே நிக்குது? பைக் நம்பரையும் சேத்துக் கூட்டுங்கண்ணா."

ஒன்பதைச் சேர்த்தால் எந்த மீதியும் அசையாது. அவருடைய அருமை ஒன்பது ஒன்றுக்கும் உதவாமல் போவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. எட்டும் ஒன்பதும் பதினேழு. ஒன்றும் ஏழும் மறுபடி எட்டு.

அண்ணன் அரண்டுபோனார். "என் ஒம்பதையே முழுங்கிடுச்சிம்மா!"

உடனே கண்ணமங்கலம் வியாபாரிக்குப் போன் போட்டார். மறுநாள் காலை வண்டி வரும் என்று முடிவானது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் சாமையே வறுபட்டிருக்கும்.

காலையில், வியாபாரி ஆதார் நகல் கேட்டாரென்று அண்ணன் தன் அட்டையை எடுத்து வைத்தார். அதுவும் பன்னிரண்டு இலக்கம். பழக்கதோஷத்தில், ஒன்பதுகளையும் சேர்ந்தால் ஒன்பதாகும் ஜோடிகளையும் மனதுக்குள் அடித்துக்கொண்டே போனேன். மிஞ்சியது எட்டு.

அட்டையை அண்ணியிடம் நீட்டினேன். அவள் விரல்விட்டு முழுசாகக் கூட்டினாள். முப்பத்தைந்து.

"ஏங்க, வண்டியில மாட்ட மட்டும் ஏத்தறதா, உங்களையும் சேத்து ஏத்தறதா?"

அண்ணன் மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் முப்பத்தைந்தே வந்தது. கீழே வளைவில் வண்டியின் ஹாரன் கேட்டது. அண்ணி ஓடிப்போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நேற்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணன் குச்சியை எடுத்துத் தரையில் எதையோ எழுதினார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இன்னாத்துக்கு அழுவற? அந்த எட்டும் இந்த எட்டும் பதினாறு. கூட்டுனா ஏழு, எட்டு ஓடியே போச்சி. வண்டிய திருப்பி அனுப்பிடு. நாங்க ரெண்டு பேரும் பிரியவே கூடாது."