திறக்காத கதவு

தீபாவளி முடிந்த காலையில், திருப்பூரில் நான் தங்கியிருக்கும் விடுதி வாசலில் வெடிமருந்து நாற்றம் அடித்தது. குனிந்து சிதறிக் கிடந்த தாள்களைப் புரட்டினேன். எல்லாம் எழுத்தே இல்லாத பழுப்புத் தாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டோரம் ஓர் ஓலைக் கொட்டகையில் அம்மா வெடிக்குழாய் உருட்டுவாள். பழைய புத்தகங்கள் மூட்டையாக வரும், அவற்றைக் கிழித்து, மைதாப் பசை தடவி, கம்பியில் சுற்றி உருவும் சத்தம் நாளெல்லாம் கேட்கும். பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நான் தாள் எடுத்துக் கொடுப்பேன், கொடுக்குமுன் படிப்பேன். அட்டையில்லாத ஒரு கதைப் புத்தகத்தில், வெகுகாலம் கழித்து ஊர் திரும்பிய ஒருவன் மழையில் நடந்துவந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினான். பம்பாய்க்குப் போன அப்பாவிடமிருந்து தகவலே இல்லாத சமயம் அது. கதவு திறந்ததா என்று பார்ப்பதற்குள் அடுத்த தாளை அம்மா உருட்டிவிட்டாள்.

"பிரிச்சுக் காட்டும்மா."

"ஏட்டி, அவன் உள்ள போயி நமக்கா சோறு பொங்கப் போறான்? பசை காயுது, அடுத்த தாள இங்கன தா."

எங்கள் தெருவில் வெடிப்பதெல்லாம் அம்மா உருட்டியதுதான் என்று நம்பி, அந்தத் தீபாவளிக்கு மறுநாள் தெரு முழுக்க அந்தத் தாளைத் தேடிப் பொறுக்கினேன். கரிந்த துண்டுகளில் கணக்குப் பாடமும் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையும்தான் இருந்தன.

அப்பா வரவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நானும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அவன் மட்டும் இன்னும் நனைந்தபடி அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறான்.