நைனாவின் இரண்டு விரல்

நான் கட்டடக்கலை படிக்கப் போனபோது எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பையன் கொத்தனார் வேலைக்குப் போகிறான், கொஞ்சம் தூரமாய்ப் போகிறான், அவ்வளவுதான். எனக்கு முன்னால் எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவர்கள், அதற்குச் சுவர் வைக்க மண் சுமந்தவர்கள் மட்டுமே. அதனால் ஐந்து வருடப் படிப்பு என்று நான் சொன்னபோது நைனா, என் அப்பா, நம்பவில்லை. "செவுரு வைக்க அஞ்சி வருசமா? மெதுவாதான் கத்துக் குடுப்பானுங்க போல" என்றார்.

மெதுவாகத்தான் கற்றுக்கொடுத்தார்கள். முதல் ஒரு மாதம் ஆங்கில எழுத்துகளை எழுதப் பழக்கினார்கள். அவற்றை ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம், அவற்றுக்கு உயரமும் அகலமும் உண்டாம். அடுத்து கிரேக்கத் தூண்கள். எங்கள் ஊர் செஞ்சியில் தூணுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நான் பார்த்தே இராத ஒரு தேசத்துத் தூணுக்கு, மசியைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து, மூன்று வாரம் நிழல் தீட்டினேன். இரண்டாம் ஆண்டில், வார இறுதிகளில் வந்து தங்கும் ஓர் ஓவியருக்குக் கடற்கரை வீடு வரையச் சொன்னார்கள். எங்கள் வீடு ஒரே அறை. அதில் ஐந்து பேர், மழை வந்தால் ஆடுகளும். என் ஓவியருக்குக் காலைச் சிற்றுண்டி சாப்பிடத் தனியாக ஒரு மூலை வைக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். காலையில் சிற்றுண்டி என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு விடுதிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு டி வடிவ வரைகோலைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். முக்கால் ஆள் உயரம், தலையில் குறுக்குக் கட்டை. கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாபா இது, ஏரா?"

"வரையறதுக்குங்க."

"அப்ப மடியில வச்சி வரை. யாரு கண்ணுலனா குத்தப் போவுது."

அந்த விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவரவர் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பழைய கட்டடம் ஒன்றை மூலை முடுக்கு விடாமல் அளந்து வரைந்து வர வேண்டும். அளவு எழுதிய நோட்டையும் வரைபடத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வரைபடத் தேர்வில் இதற்குப் பாதி மதிப்பெண். தவறினால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். மறுபடி உட்காருகிறவனுக்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது. உதவித்தொகை இல்லை என்றால் ஊர். ஊர் என்றால் மண்வெட்டி.

"உனக்கென்னடா, ஊரே கோட்டை" என்று வகுப்பில் பொறாமைப்பட்டார்கள். நான் கோட்டையில் ஆகச் சின்னதாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். ராஜகிரி மலை அடிவாரத்தில் பெயர் இல்லாத ஒரு மண்டபம். நீளவாட்டில் ஏழு தூண், குறுக்கே நாலு. மழைக்கு ஆடுகள் ஒதுங்குவதால் எங்கள் ஆட்கள் அதை ஆட்டு மண்டபம் என்பார்கள்.

டேப் என்னுடையதல்ல. வகுப்புத் தோழன் ஒருவன் பனமலைக் கோயிலை அளக்கப் போகும் வழியில் இரண்டு நாளைக்குக் கொடுத்திருந்தான். துணி டேப், நுனியில் பித்தளை வளையம். ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். "நான் புடிக்கறேன் வா. நான் புடிக்காத டேப்பா" என்று நைனா வந்துவிட்டார்.

உண்மைதான். ஏரியில் மண் வெட்டுகிறவர்களுக்கு வெட்டிய குழியை அளந்துதான் கூலி. ஓவர்சியர் டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பார், மறுமுனையைக் கூலியாள் பிடிக்க வேண்டும். முப்பது வருடமாக அந்த மறுமுனை நைனாவிடம்தான் இருந்தது. வளையத்தைத் தூணில் வைத்து முறுக்காக இழுத்துப் பிடித்தார். துளித் தொய்வில்லை. எங்கள் வகுப்பில் யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அத்தை, நைனாவின் அக்கா, மண்டபத்துக்கு வெளியே நின்றாள்.

"இன்னாடா மருமவனே, மண்டபத்தக் கெரயம் பண்றியா?"

"படிப்புக்கு அத்தே."

"ஆடு நிக்கிற எடத்த அளக்கறதுக்கு ஒரு படிப்பா? என்னியக் கேட்டா சொல்லப் போறேன். நாப்பது ஆடு நிக்கும். குட்டி இருந்தா அம்பது."

ஒரு கட்டடத்தின் கொள்ளளவைப் பற்றி இதைவிடத் தெளிவான விடையை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

தூணுக்குத் தூண், நடுவிலிருந்து நடுவுக்கு, ஆறு இடைவெளிகளையும் தனித்தனியாக அளந்தோம். பிறகு முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரை ஒரே இழுப்பில் ஓர் அளவு. குறுக்கே மூன்று இடைவெளி, அதற்கும் மொத்தமாக ஒன்று. உயரத்தை நானே மூங்கில் கழியால் அளந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் தோழன் வந்து டேப்பை வாங்கிக்கொண்டு பனமலைக்குப் போனான்.

விடுமுறையின் கடைசி நாள்தான் வீட்டில் கதவைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் தாளை விரித்தேன். ஆறு இடைவெளிகளையும் கூட்டினேன். ஒரே இழுப்பில் எடுத்த நீளத்தைவிட ஒன்பது அங்குலம் அதிகம் வந்தது. மறுபடி கூட்டினேன். ஒன்பது. கட்டியவன் கள் குடித்துவிட்டுக் கட்டியிருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டு அகலத்துக்குப் போனேன். அங்கே மூன்றரை அங்குலம் அதிகம். குடித்தவன் கட்டினால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். எல்லாப் பக்கமும் கூடிக்கொண்டே போகிற குடி உலகத்தில் கிடையாது.

நைனா வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, டேப்ப எப்டி புடிச்ச?"

"எப்பவும் புடிக்கிற மாதிரிதான்."

"எப்பவும்னா?"

அவர் கையைக் காட்டினார். வளையத்துக்கு அடுத்த இரண்டு விரல் அகலத்தை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பக்கமிருந்து படிக்கிறவனுக்கு அளவு அவ்வளவு கூடித் தெரியும்.

"இன்னாத்துக்கு நைனா இப்டி பண்ண?"

"உனுக்கு கொறஞ்சிடக் கூடாதில்ல? அளவு கூட வந்தா நல்லதுதான?"

"எனக்கு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. இருக்கறதுதான் வேணும்."

"இருக்கறது யாருக்குடா வேணும்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

நான் கத்தினேன். ஒரு வருடம் போச்சு, படிப்பே போச்சு என்றெல்லாம் சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "சரி, திரும்ப அளந்துக்கலாம் வா" என்றார். டேப் ஏது? தோழன் பனமலையை முடித்து மதராஸுக்கே போயிருப்பான். மறுநாள் காலை எனக்கும் பஸ்.

கோபம் ஆறியதும் ஒன்று தோன்றியது. அவர் முப்பது வருடமாக ஒரே மாதிரி மடக்குகிறவர். "கையக் காட்டு" என்று சொல்லி, கல்லூரி அளவுகோலை அவருடைய இரண்டு விரலின் மேல் வைத்தேன். ஒன்றே முக்கால் அங்குலம். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒன்றே முக்காலைக் கழித்தேன். மொத்த நீளத்தில் ஒரு முறை கழித்தேன். அகலம் சரியாகப் பொருந்தியது. நீளத்தில் கால் அங்குலம் மிஞ்சியது. அதைக் கட்டியவன் கணக்கில் எழுதினேன். சராசரி மனிதனின் கை, கால், முழங்கை நீளமெல்லாம் எங்களுக்குப் பாடத்தில் உண்டு. அதை வைத்து நான் ஒரு நாற்காலிகூட ஒழுங்காக வரைந்ததில்லை. நைனாவின் விரலை வைத்து ஒரு மண்டபத்தையே வரைந்தேன்.

நோட்டில் மட்டும் நீள அகல அளவெல்லாம் அடித்து அடித்துத் திருத்தியபடி இருந்தது. விடுதியில் அறைத்தோழன் அதைப் பார்த்து, "புது நோட்டு எழுதிடுடா. இதைப் பார்த்தா உட்கார்ந்த இடத்துல எழுதினதுன்னு சொல்லிடுவாங்க" என்றான். வாங்கிவந்து இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஒரு பொய்யைக் கழித்த கையோடு இன்னொன்றைக் கூட்டுவதா என்று இருந்தது. பழையதையே கொடுத்தேன்.

தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர், கதர்ச் சட்டை. வரைபடத்தைச் சுவரில் குத்திவிட்டு நின்றேன். அவர் வரைபடத்தைப் பார்க்காமல் நோட்டைப் புரட்டினார்.

"எல்லா அளவுலயும் ஒரே மாதிரி குறைச்சிருக்கே. தம்பி, நீ அங்க போனியா, போகவே இல்லையா?"

பின்னால் வகுப்பு முழுவதும் நின்றது. போனேன் என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார். மீதியைச் சொன்னால் நைனாவைத் திருடன் என்று நானே சொன்ன மாதிரி. இருந்தும் சொன்னேன். டேப், மடக்கிய விரல், ஏரி வேலை, எல்லாம். பின்னால் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "எந்த ஏரி?" என்றார்.

"அது இப்ப வத்திப் போச்சி சார்."

"நான் கேட்டது பேரை."

"பேரும் மறந்து போச்சி சார்."

இப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. "நானும் அந்தப் பக்கமெல்லாம் ஓவர்சியரா இருந்திருக்கேன். ரெண்டு விரல் மடக்குவாங்கன்னு தெரியும். நாங்க மூணு விரலைக் கழிச்சிட்டுத்தான் எழுதுவோம்" என்றார். பிறகு வரைபடத்துக்குப் போய் மூலைக்கு மூலை அளவுகோலை வைத்துப் பார்த்தார். தூண் நிழல் மோசமாக இருக்கிறது என்றார். நோட்டில் கையெழுத்துப் போட்டார். தேறுவதற்கு வேண்டியதைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ஊருக்குப் போய் நைனாவிடம் முதலில் தேறிவிட்டதைச் சொன்னேன். அந்த மூன்று விரலைச் சொல்வதா வேண்டாமா என்று பஸ் முழுக்க யோசித்திருந்தேன். முப்பது வருடம் வீணாக மடக்கினோமே என்று வருந்துவாரோ என்று பயம். சோறு தின்னும்போது சொல்லிவிட்டேன்.

அவர் கையை நிறுத்தவில்லை.

"அவுரு கொறைக்கிறது எங்களுக்குத் தெரியும். நாங்க கூட்டறது அவுருக்குத் தெரியும். தெரியாதது நீ ஒருத்தன்தான்" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே, "அடுத்த வருசம் எத அளக்கணும்?" என்று கேட்டார்.

"அளக்கறது இல்ல நைனா. ஆஸ்பத்திரி ஒண்ணு புதுசா வரையணும்."

"டேப்பு புடிக்க ஆளு வேணாமா?"

"வேணாம்."

"அப்ப நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.